பழைய கனூவுக்கு எந்தத் தோல்: கித்தானா, டேக்ரானா, ஃபைபர்கிளாஸா?

ஏரிகளில் பனிக்கட்டி உடைந்து நீர் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கனடாவின் ஒன்ராறியோவிலோ அமெரிக்காவின் மெய்னிலோ யாராவது பழைய காட்டேஜ் ஒன்றை வாங்கியிருப்பார்கள். படகுக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் உத்தரத்தில் ஒரு மரக் கனூ, அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு, தலைகீழாகத் தொங்கும். உள்ளே வார்னிஷ் கறுத்துப்போன சீடர் மரம். வெளியே பச்சைப் பெயின்ட் அடித்த கித்தான் துணி (கேன்வாஸ்), வறண்ட ஏரித்தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். "இதை உரித்துவிட்டு ஃபைபர்கிளாஸ் போட்டால் தொல்லை விட்டதா?" என்று கேட்பார்கள்.

நான் நடுநிலையாளன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய முதல் கனூவுக்கு எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருந்தார். அவர் போட்டதைக் கழற்றவே எனக்கு ஒரு கோடைக்காலம் போய்விட்டது. ஆனாலும் ஃபைபர்கிளாஸ், அதாவது ரெசின் பசையில் ஊறிய கண்ணாடி இழைத் துணி, சரியாக இருக்கும் இடமும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தத் துணி எதற்காக இருக்கிறது

இது புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பெனோப்ஸ்காட் போன்ற பழங்குடிகள் பிர்ச் மரப்பட்டையில் கனூ கட்டிவந்தார்கள். பெரிய பட்டைகள் கிடைப்பது அரிதாகிவந்த காலத்தில், 1870களில், மெய்ன் மாநிலத்தின் பாங்கோரில் எவன் கெரிஷ் போன்றவர்கள் பட்டைக்குப் பதில் கித்தானைப் போர்த்தி விற்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பக்கத்து ஓல்ட் டவுனிலும், கனடாவில் ஃபிரெடெரிக்டனிலும் பீட்டர்பரோவிலும் இது தொழிற்சாலை வேலையாகவே வளர்ந்தது.

கட்டும் முறை இப்படி. கனூவின் வடிவத்திலேயே ஒரு கனமான மர அச்சு இருக்கும். விலா எலும்பு போல வளைந்த விலாச்சட்டங்கள் வரும் இடங்களில் அதன்மேல் உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். சீடர் சட்டங்களை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சின்மேல் வளைப்பார்கள். அதன்மேல் 4 மில்லிமீட்டர் தடிமன்கூட எட்டாத மெல்லிய பலகைகளை வைத்துப் பித்தளைச் சிற்றாணி அடிப்பார்கள். ஆணி பலகையையும் சட்டத்தையும் துளைத்துக் கீழே உள்ள உலோகத்தில் முட்டும். முட்டியதும் நுனி கொக்கி போல மடங்கித் திரும்பவும் மரத்துக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். ஒரு கனூவில் இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள் இருக்கும். பசை கிடையாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கவும் எதுவும் கிடையாது. தண்ணீரை நிறுத்துவது மேலே போர்த்திய கித்தான் மட்டுமே. அதையும் மரத்தோடு ஒட்டுவதில்லை. இழுத்துப் பிடித்து, மேல் விளிம்பிலும் இரு முனைகளிலும் மட்டும் ஆணி அடிப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரியும். ஆணித் தலைகள் எல்லாம் கித்தானுக்கு அடியில் இருக்கின்றன. ஆகவே உடைந்த விலாச்சட்டம் ஒன்றை மாற்ற வேண்டுமென்றாலும் துணி கழன்றாக வேண்டும். இரண்டாவது, மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒட்டாத துணிக்குள் அது தன் போக்கில் அசைந்துகொள்ளும். தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளும் சைக்கிள் டயரைப் போலத்தான் கித்தானும்.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

மரக் கனூ எல்லாமே கித்தான் கனூ இல்லை. மெல்லிய சீடர் மரக் கீற்றுகளைப் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டி, உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி இழை பூசிய வகை ஒன்று உண்டு. அதில் விலாச்சட்டமே இருக்காது. அதற்குப் பிறந்த நாளிலிருந்தே ஃபைபர்கிளாஸ்தான் உடம்பு, மராமத்தும் அதிலேயே செய்ய வேண்டும். பீட்டர்பரோ பக்கத்துப் பழைய கனூக்களில் துணியே இல்லாத முழு மர வகைகளும் உண்டு. அவற்றுக்குக் கித்தான் போர்த்துவது தப்பு. விலாச்சட்டங்கள் உள்ளே தெரிய, சட்டங்களில் மடங்கிய ஆணி நுனிகள் வரிசையாக மின்ன, வெளியே பெயின்ட் அடித்த துணி இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

அப்புறம் ஒரு கூர்மையான ஊசியை எடுங்கள். இரு முனைக்கட்டைகளின் நுனி, முனை மூடிப்பலகையின் அடி, விளிம்புச் சட்டத்தின் கடைசி அரை அடி, விலாச்சட்டங்கள் விளிம்பில் சொருகும் இடம், இவற்றில் குத்திப் பாருங்கள். தலைகீழாகக் கவிழ்த்து மண்ணில் வைத்த கனூவில் தண்ணீர் தங்குவது இங்கேதான். ஊசி எதிர்த்தால் மரம் நல்லது. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் துணியைப் பற்றிய கேள்வியே இரண்டாவதாகிவிடுகிறது.

முனைக்கட்டையின் உள்பக்க அடியில் எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓல்ட் டவுன் நிறுவனத்தின் கனூ என்றால் அங்கே வரிசை எண்ணும், பக்கத்திலேயே நீளம் எத்தனை அடி என்பதும் இருக்கும். அந்த நிறுவனத்தின் பழைய தயாரிப்பு அட்டைகள் பெருமளவு தப்பிப் பிழைத்திருப்பதால், எந்த மாதிரி, என்ன நிறம், எப்போது எங்கே அனுப்பினார்கள் என்றுகூடத் தெரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. 1979இல் தொடங்கிய மரக் கனூ மரபுச் சங்கத்தின் ஆர்வலர்கள் இதைத் தேடித் தருவார்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, இன்னொரு நாள் இதைக் கழற்ற முடியுமா? இதற்குத்தான் என்னிடம் அதிக மதிப்பெண். இரண்டாவது, மரத்துக்கு அசைய இடம் விடுகிறதா? மூன்றாவது எடை. 16 அடிக் கனூ சாதாரணமாக 32 முதல் 36 கிலோ வரை இருக்கும். ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் அதைத் தோளில் சுமக்கப் போகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. நான்காவது நாட்காட்டி, அதாவது கைவேலை எத்தனை மணி நேரம் என்பது மட்டுமல்ல, காய்வதற்காக எத்தனை வாரம் சும்மா கிடக்க வேண்டும் என்பதும். ஐந்தாவது உங்கள் நுரையீரல். பழைய பெயின்ட்டிலும், கித்தானின் நெய்வை அடைக்கும் நிரப்புப் பூச்சிலும் ஈயம் இருந்தது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். ஈரத்தோடு தேய்க்க வேண்டும், சரியான முகமூடி வேண்டும், அந்த உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு துவைக்கக் கூடாது.

ஆயுளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். எல்லா வகையுமே ஒழுங்காகச் செய்தால் பல வருடம் தாங்கும். எது எப்படிச் சாகிறது என்பதில்தான் வித்தியாசம்.

வழி 1: பழைய கித்தானையே ஒட்டுப்போட்டு வைத்திருப்பது

யாரும் இதை யோசிப்பதே இல்லை. மரம் நன்றாக இருந்து, துணியில் ஓரிரு கிழிசல் மட்டும் என்றால் ஒரு நாள் மாலையில் முடிகிற வேலை இது. கிழிசலின் அடியில் மெல்லிய துணித்துண்டு ஒன்றை நுழைத்து, நீர் புகாப் பசையில் ஊறவைத்து மேலே அழுத்தி, காய்ந்ததும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும்.

துணி செத்துவிட்டதா என்று பார்க்க விளிம்புச் சட்டத்துக்குக் கீழே நகத்தால் கீறுங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் ஒட்டு நிற்காது.

மறைந்திருக்கும் செலவு எடைதான். வெடிப்பை மறைக்க வருடம் ஒரு பூச்சு என்று அடித்துக்கொண்டே போனவர்களின் கனூக்களைத் தூக்கியிருக்கிறேன். பெயின்ட்டைத்தான் சுமக்கிறோம். வெடிப்பும் மறுவருடம் அதே இடத்தில் எட்டிப் பார்க்கும்.

தொழிற்சாலையின் பழைய பெயின்ட்டும் முத்திரையும் இன்னும் இருக்கிற கனூவுக்கு இது முதல் வழி. வருடத்தில் இரண்டு மாலை மட்டும் அமைதியான நீரில் துடுப்பு போடுகிறவருக்கும் இது போதும்.

வழி 2: புதுக் கித்தான்

இதற்கு வேண்டியது நம்பர் 10 பருத்திக் கித்தான், சதுர கஜத்துக்கு ஏறக்குறைய 15 அவுன்ஸ். நீர் புகாதபடி பதப்படுத்தியதை வாங்கிவிடாதீர்கள், பூச்சு உள்ளே இறங்காது. இரு பக்கமும் கிளாம்பில் பிடிக்க இடம் வேண்டும் என்பதால் 16 அடிக் கனூவுக்கு 18, 19 அடி நீளம் எடுக்க வேண்டியிருக்கும்.

துணியை நீளவாக்கில் மடித்து, இரு முனையிலும் பிடித்து, கைவிஞ்சால் (கையால் இயக்கும் இழுவைக் கருவி) இழுத்தால் ஏணை போல ஒரு பை உருவாகும். கனூவை நிமிர்ந்தபடி அதற்குள் இறக்கி, உள்ளே பாரம் வைத்து அல்லது மேல்கூரையிலிருந்து முட்டுக் கொடுத்து அழுத்துவார்கள். பிறகு நடுவிலிருந்து முனைகளை நோக்கி, ஒவ்வொரு விலாச்சட்டத்திலும் அகன்ற வாய் இடுக்கியால் துணியை மேலே இழுத்து ஆணி அடித்துக்கொண்டே போக வேண்டும். அந்தச் சமயத்தில் துணியை விரலால் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கும். ஒலிக்கவில்லை என்றால் இன்னும் தொய்வு இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால் ஒரு நாளில் முடியும்.

அடுத்தது நிரப்புப் பூச்சு. ஆளிவிதை எண்ணெய், கரைப்பான், எண்ணெய்ப் பெயின்ட், மாவு போன்ற சிலிக்காத் தூள், சீக்கிரம் உலர வைக்கும் திரவம், இவற்றின் கலவை. பழைய காலத்தில் சிலிக்காவோடு வெள்ளை ஈயமும் சேர்ந்திருந்தது. இதைத் தூரிகையால் தடவி, பிறகு கித்தானிலேயே தைத்த கையுறையால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் துணியின் நெய்வு சொரசொரப்பாகக் கையில் தட்டுப்படும். தேய்க்கத் தேய்க்க அது மறைந்து உள்ளங்கை வழுக்க ஆரம்பிக்கும் ஒரு கட்டம் வரும். தேய்ப்பதை நிறுத்த வேண்டியது அங்கேதான். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, கைக்குத் தெரியும்.

பிறகு 4 முதல் 6 வாரம் காத்திருக்க வேண்டும், ஈரமான கோடையில் இன்னும் கூடும். அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தவர்கள் கொப்புளம் பார்த்திருக்கிறார்கள். ஜூலை லீவுக்குக் கனூ வேண்டுமென்றால் ஜூனில் தொடங்கிப் பயனில்லை. இந்தக் காத்திருப்பு பிடிக்காதவர்கள் குழாய் உறைகளுக்கு அடிக்கும் நீர்வழி அக்ரிலிக் பூச்சைப் பயன்படுத்துகிறார்கள். அது சில நாட்களில் காய்ந்துவிடும், எடையும் குறைவு. எனக்கென்னவோ எண்ணெய்ப் பூச்சின் வழுவழுப்பு அதில் வருவதில்லை.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். துணியைக் கழற்ற வெளி விளிம்புச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். ஐம்பது அறுபது வருடம் ஊறிய திருகாணிகள் சும்மா வராது. அவற்றோடு சேர்ந்து சட்டமும் பிளக்கும், அப்போது 16 அடி நீளத்தில் முடிச்சில்லாத மரம் தேட வேண்டிவரும். துணி கழன்ற பிறகு முன்பு கண்ணில் படாத உடைந்த விலாச்சட்டங்கள் தெரியும். "இதையும் மாற்றிவிடலாமே" என்று தோன்றும். அந்த "விடலாமே"வுக்குத்தான் பாதிப் பணம் போகிறது. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

மரவேலை எதுவானாலும் தேவைப்படுகிற கனூவுக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிற கனூவுக்கும் என் தேர்வு இதுதான்.

வழி 3: டேக்ரான்

சிறு விமானங்களின் இறக்கைக்குப் போர்த்தும் பாலியெஸ்டர் துணி இது. இஸ்திரிப் பெட்டி வைத்தால் சுருங்கி இறுகிக்கொள்ளும், கைவிஞ்ச் தேவையில்லை. கித்தானையும் எண்ணெய்ப் பூச்சையும் விட நான்கு கிலோ அளவுக்கு எடை மிச்சமாகும். பூஞ்சை பிடிக்காது.

துணி மெல்லியது என்பதால் பலகையின் மேடு பள்ளம், ஆணித் தலை எல்லாம் வெளியே தெரியும். அதனால் அடியில் மரத்தை இழைப்பதற்கு அதிக நேரம் போகும். பாறையில் உரசினால் கித்தான் அளவுக்குப் பொறுக்காது. சிலர் இதைப் பசை போட்டு மரத்தோடு ஒட்டுகிறார்கள். ஒட்டிவிட்டால் கழற்றும் வசதி போய்விடுகிறது, அது எனக்குப் பிடிப்பதில்லை. வயதானவர், தனியாகத் தூக்குகிறவர், மணல் கரை உள்ள ஏரியில் ஓட்டுகிறவர் என்றால் யோசிக்கலாம்.

வழி 4: ஃபைபர்கிளாஸ்

1960, 70களில் இது பரவலாக நடந்தது. கித்தானை உரித்துவிட்டுக் கண்ணாடி இழைத் துணியைப் பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்துப் பூசினார்கள். கடைச் சாமான், ஒரு வார வேலை, செலவும் குறைவு. பாறையில் மோதினால் தாங்கும். முதல் பத்து வருடம் யாருக்கும் குறை தெரியாது.

குறை உள்ளே வளரும். அடியில் மரம் உப்பிச் சுருங்குகிறது, மேலே இருப்பது அசைவதில்லை. மெதுவாக ஒட்டு விடுகிறது. உள்பக்கம் மழைநீரும் ஈரக் காலும் படுகிற இடத்திலிருந்து தண்ணீர் பலகைக்கும் இழைக்கும் நடுவே இறங்குகிறது. கித்தானாக இருந்தால் கனூ காயும்போது மரமும் காயும். இங்கே ஒரு பக்கம் அடைத்துவிட்டதால் ஈரம் தேங்கிவிடும்.

என் கனூவில் பின்முனையிலிருந்து ஆரம்பித்தேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கையகல இடத்தில் காட்டி, ரெசின் இளகியதும் மழுங்கிய பட்டிக் கத்தியை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். கொஞ்சம் குறைந்தால் வராது, கொஞ்சம் கூடினால் சீடர் கருகும். நல்ல நாளில் ஓர் அடி, இரண்டடி நகரும். சில இடங்களில் இழையோடு சேர்ந்து பலகையும் ஆணித் தலையும் பெயர்ந்து வந்தன. முனைக்கட்டையை எட்டியபோது உள்ளே மரம் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது, விரலால் எடுத்தேன். இருபது வருடமாக வெளியே பளபளவென்று இருந்த கனூ அது. எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் போட்டிருந்தால் இன்னும் மோசம், அது பாலியெஸ்டரை விட மரத்தை இறுகப் பற்றும்.

சரி, எப்போது இது நல்ல தேர்வு? மரம் முழுக்க உறுதியாக இருந்து, கனூவுக்குப் பெயரோ வயதோ பெரிதாக இல்லாமல், கோடை முகாமில் பிள்ளைகள் கல்லில் மோதி விளையாடப் போகிறார்கள் என்றால். இன்னும் பத்து, பதினைந்து வருடம் ஓடினால் போதும், அப்புறம் விறகானாலும் பரவாயில்லை என்று மனதறிந்து செய்வதென்றால். அப்படிச் செய்தாலும் உள்பக்க வார்னிஷைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும்.

ஒரே பார்வையில்

| | ஒட்டுப்போட்ட பழைய கித்தான் | புதுக் கித்தான் | டேக்ரான் | ஃபைபர்கிளாஸ் |
|---|---|---|---|---|
| திரும்பக் கழற்றுவது | எளிது | எளிது | ஒட்டாவிட்டால் எளிது | பெரும்பாடு |
| மரம் அசைய இடம் | உண்டு | உண்டு | ஒட்டாவிட்டால் உண்டு | இல்லை |
| எடை | பெயின்ட் ஏற ஏறக் கூடும் | வழக்கமான எடை | குறைவு | இழை, ரெசின் அளவைப் பொறுத்தது |
| காத்திருப்பு | ஓரிரு நாள் | 4 முதல் 6 வாரம் | சில நாள் | சில நாள் |
| எப்படிக் கெடும் | வெடித்து, கண்ணுக்குத் தெரிந்து | வெடித்து, கண்ணுக்குத் தெரிந்து | கிழிந்து | உள்ளே மரம் இற்று, தெரியாமல் |

நீங்களே செய்வதா, கொடுத்துவிடுவதா

முழுதாக ஒரு கைவினைஞரிடம் கொடுத்தால் கூலி பெரும்பாலும் கனூவின் சந்தை விலையைத் தாண்டும். விற்று லாபம் பார்க்கிற கணக்கு இதில் சரிவராது. முழுதாக நீங்களே செய்தால் ஆவிப்பெட்டி, ஆணி நுனியை மடக்க எதிரே பிடிக்கும் வளைந்த இரும்புக் கட்டி, கைவிஞ்ச், அகன்ற இடுக்கி என்று ஒரே ஒரு முறை பயன்படும் கருவிகள் சேரும். எல்லாவற்றுக்கும் மேல் 16 அடி நீளப் பொருளை மழை படாமல் மாதக் கணக்கில் வைக்க இடம் வேண்டும். கார் நிறுத்தும் இடம் போனால் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நடுவழி ஒன்று உண்டு. முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பழைய துணியை உரிப்பது, வார்னிஷை எடுப்பது, உப்புத்தாள் வேலை, புது வார்னிஷ், இவற்றை நீங்கள் செய்யுங்கள். மணிக்கணக்கில் தின்னும் வேலை இது, ஆனால் பொறுமை இருந்தால் போதும். விலாச்சட்டம் மாற்றுவதையும் கித்தான் இழுத்துப் பூசுவதையும் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் பெயின்ட் நீங்களே அடிக்கலாம். பழைய கீல் கட்டையை, அதாவது அடிப்பாகத்தில் நீளவாக்கில் திருகியிருக்கும் கட்டையை, திரும்பப் போட வேண்டுமா என்றும் அவர் கேட்பார். போடாவிட்டால் கனூவின் அடியில் புதுத் துணியைத் துளைக்கும் திருகாணிகள் அத்தனையும் மிச்சம், தண்ணீர் கசியும் வழியும் குறையும். நான் போடவில்லை.

எந்த வழியில் போனாலும், முதல் திருகாணியைக் கழற்றும் முன் அளவுநாடாவை எடுங்கள். நடுவிலும், இரு முனைக்கும் நடுவுக்கும் இடையே ஒவ்வோர் இடத்திலும் விளிம்புக்கு விளிம்பு அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். குறுக்குச் சட்டங்களையும் இருக்கைகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதே அளவில் மட்டப் பலகை ஒன்றை இடையில் திருகி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய கனூ பூ விரிகிற மாதிரி அகன்றுகொள்ளும், புதுத் துணி அந்தத் தப்பான வடிவத்தையே பிடித்துக்கொள்ளும்.